ஒரு கையெழுத்துக்கு மூவாயிரம் டாங்கி

மேஜர் வீட்டுச் சாந்தாமேரியைப் பற்றி இந்த மலையில் யாரைக் கேட்டாலும், "பொம்மை வண்டிக்கு பெயிண்ட் அடிக்குதே, அந்தப் பொண்ணா?" என்பார்கள். பொண்ணுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. வந்தபோது இருபது. பதினைந்து வருஷமாக ஒரே ஜன்னலோரம், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சமே பெரிய ஈய டாங்கிகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். மூவாயிரத்துக்கு மேல் தீட்டியாயிற்று. அவளுக்கு ஆசை நர்ஸாக வேண்டும் என்பது. அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதற்கு மலையில் எல்லோரிடமும் ஒரே பதில் இருக்கிறது. அந்தப் பதில் தப்பு. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கோபால்சாமி. இங்கே கிளைத் தபாலாபீஸ் என் வீட்டு முன்னறையில்தான் நடக்கிறது. கொஞ்சம் சாமைக் காடும் எட்டுப் புளியமரமும் உண்டு. எட்டாவது படித்திருக்கிறேன், இங்கிலீஷில் முகவரி எழுதுவேன், பாரம் நிரப்புவேன். போளூர் போய்ச் செய்ய வேண்டிய காரியத்தை மலையிலேயே முடித்துக்கொடுக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

மேஜர் அருளப்பன் டாங்கிப் படையில் இருந்தவர். முழங்காலில் அடிபட்டு ஓய்வு வாங்கிக்கொண்டு, குளிர்ச்சிக்காக இந்த மலையில் மூன்று ஏக்கர் வாங்கி வீடு கட்டினார். பென்ஷன் வாங்கினாலும் மனுஷனுக்குச் சண்டை ஓயவில்லை. நடு அறையில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு மேஜை. அதன்மேல் சாக்கையும் சுண்ணாம்பையும் வைத்து மலை, மரத்தூளில் காடு, நீல வர்ணத்தில் ஆறு. குன்னூரில் இன்னொரு பழைய கர்னல் இருந்தார். அவர் வீட்டிலும் இதே மேஜை, இதே மலை, இதே ஆறு. இரண்டு பேரும் கடிதத்தில் யுத்தம் நடத்தினார்கள். இவர் வாரம் ஒரு கடிதம் போடுவார்: என் பன்னிரண்டு டாங்கி பாலத்தைத் தாண்டிவிட்டது. அவர் பதில் போடுவார்: உன் நான்கை என் பீரங்கி அடித்துவிட்டது. அடி பட்டதா இல்லையா என்பதை, இன்ன தேதிப் பேப்பரில் போட்டிருக்கும் சென்னை வெயிலின் கடைசி எண்ணை வைத்து முடிவு செய்வார்கள். ஒரு யுத்தம் முடிய இரண்டு வருஷம் ஆகும். மழையில் ரோடு சரிந்து பத்து நாள் பஸ் வராவிட்டால் யுத்தமும் அப்படியே நிற்கும். உலகத்திலேயே தபால்காரனுக்காகக் காத்திருந்த படை அது ஒன்றுதான் என்று நான் சொல்வதுண்டு.

டாங்கிகள் இங்கிலாந்திலிருந்து பார்சலில் வரும். வெறும் ஈயம். ஒரு தீப்பெட்டியில் நான்கு அடங்கும். மேஜருக்குக் கை நடுக்கம். அவர் தீட்டிய டாங்கியைப் பார்த்தால் கோழி எச்சமிட்டதுபோல் இருக்கும்.

சாந்தாமேரி போளூர்க்காரி. அப்பா அடைக்கலம் அங்கே போர்டு எழுதுகிறவர். மளிகைக் கடை, டாக்டர் வீடு, டுடோரியல், எல்லாப் போர்டும் அவர் கைதான். அவர் எழுத்துக்குக் கோடு போடுவார். உள்ளே வர்ணம் நிரப்புவதும் எழுத்துக்கு நிழல் கொடுப்பதும் மகள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த வருஷம் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நாற்பது நாளும் அப்பாவைப் புரட்டிப் போட்டு, துடைத்து, முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட ஒரு நர்ஸம்மாவைப் பார்த்துத்தான் இவளுக்கு அந்த ஆசை வந்தது. அப்பா போனபின் அண்ணன் ஜேம்ஸ் வீட்டில் ஒரே அறை. அண்ணிக்கு இவளைக் கண்டால் ஆகாது. மேஜர் வீட்டம்மாவுக்குக் கைகால் முடக்குவாதம், துணைக்கு ஆள் வேண்டும் என்று மாதா கோயில் பங்குச் சாமியார் சொல்ல, 1973-இல் பெட்டியோடு மலையேறினாள். இரண்டு வருஷம் இருப்பது, அப்புறம் நர்ஸ் படிப்புக்குப் போவது என்பதுதான் அன்றைய பேச்சு.

வந்த மூன்றாம் மாதம், மேஜர் கெடுத்துவைத்த ஒரு டாங்கியைத் துடைத்துவிட்டுத் தானே தீட்டி மேஜையில் வைத்தாள். சும்மா இருந்த கை செய்த வேலை. மேஜர் பூதக்கண்ணாடியை எடுத்து அதைக் கால்மணி நேரம் பார்த்தாராம். அன்று மாலையே ஜன்னலோரம் அவளுக்கு ஒரு நாற்காலி வந்துவிட்டது.

1975-இல் வேலூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து நர்ஸ் படிப்புக்கான பாரத்தை நான்தான் எழுதி வரவழைத்தேன். பேர், வயசு, படிப்பு எல்லாம் என் கையால் நிரப்பினேன். அடியில் நன்னடத்தைச் சான்று என்று ஒரு கட்டம். கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டும், விவரம் பின்னால் என்று போட்டிருந்தது.

"கெஜட்டட் ஆபீசர்னா யாருணா?" என்றாள்.

"பெரிய ஆபீசரு. பச்ச மையில கையெழுத்து போடறவங்க."

"அவங்கள எங்க போய்ப் பாக்கறது?"

"உனுக்கு இன்னாத்துக்கு அந்தக் கவல? வூட்டுலயே மேஜர் கீறாரு. நம்ம மலையில அவர வுட்டா யாரு? கேளு, போட்டுக் குடுப்பாரு."

இதை நான் சொன்ன தோரணை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. காலை ஆட்டிக்கொண்டே சொன்னேன். வயது வரம்பு முப்பது. பாரம் அவர்கள் கைக்குச் சேரும்போது முப்பது முடிந்திருக்கக் கூடாது. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு. எட்டு வருஷம் இருக்கிறதே, அவசரம் என்ன என்று நானே சொன்னேன்.

மேஜர் முடியாது என்று சொல்லவே இல்லை. அதுதான் கஷ்டம். முடியாது என்றிருந்தால் அழுதுவிட்டு வேறு வழி பார்த்திருப்பாள். "போடறேம்மா. இந்த இருநூத்து நாப்பதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார். பாரத்தை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

இருநூற்று நாற்பதையும் அவள் ஏழு மாதத்தில் முடித்தாள். வெளிச்சத்துக்காகக் காலை பத்திலிருந்து நான்கு மணிவரைதான் வேலை. முதலில் பச்சை வர்ணம். அது மூன்று நாள் காய வேண்டும். பிறகு கறுப்பை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து மேலே விடுவாள். கறுப்பு வழிந்து பள்ளங்களில் தங்கும், மேடு பச்சையாகவே நிற்கும். கதவிடுக்கும் போல்ட்டும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியவரும். அடுத்து வெளிர்பச்சையில் பிரஷைத் தொட்டு, துணியில் துடைத்துத் துடைத்து, ஏறக்குறையக் காய்ந்த பிரஷை விளிம்புகளில் பட்டும் படாமலும் இழுப்பாள். வெயில் விழுந்ததுபோல் விளிம்பு மினுக்கும். கடைசியில் சக்கரப் பட்டைக்கு மண் நிறம். பிரஷ் என்றால் நான்கைந்து முடி விட்டு மற்றதைக் கத்தரித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பாள். அவள் இழுத்து முடிக்கும்வரை பார்க்கிற எனக்கும் மூச்சு வராது.

இதெல்லாம் மேஜர் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையைப் பார்த்துச் சொன்ன முறை. ஆனால் முதல் தொகுதியில் அவள் தன் கைவழக்கத்தையும் சேர்த்துவிட்டாள். போர்டு எழுதுகிறவர்கள் எழுத்துக்கு நிழல் எப்போதும் வலது பக்கமும் அடியிலும்தான் கொடுப்பார்கள். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்பது அவர்கள் தொழிலில் சட்டம். அவள் இருநூற்று நாற்பது டாங்கிக்கும் வலது பக்கம் ஒரு கறுப்பு நிழல் கொடுத்துவிட்டாள். பார்க்க அம்சமாக இருந்தது. மேஜருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் அவர் படை முன்னேறிக்கொண்டிருந்தது. மேஜைக்கு இடப்பக்கம் ஜன்னல்.

இந்த யுத்தம் முடிந்ததும் கையெழுத்து என்றார். அந்த யுத்தத்தின் நடுவில் ஆற்றைத் தாண்டிப் பின்வாங்க வேண்டிய கட்டம் வந்தது. டாங்கிகளைத் திருப்பி வைத்தார். ஜன்னல் வெளிச்சம் நிழல் தீட்டிய பக்கத்தில் விழுந்தது. வெளிச்சம் படுகிற பக்கம் கறுப்பு, இருட்டுப் பக்கம் மினுமினுப்பு. எல்லாம் அட்டையில் வெட்டியதுபோல் ஆகிவிட்டன. மேஜருக்கு அழகில் பித்து. பின்வாங்க மனமில்லாமல் திரும்பவும் முன்னால் திருப்பிவைத்து மேலே போனார். ஆறு கடிதத்தில் நூறு டாங்கி போயிற்று, யுத்தமும் போயிற்று.

1976 கோடையில் கர்னல் நேரில் வந்தார். சிவந்த ஆள், வாய் நிறையச் சிரிப்பு. நான் பார்சலோடு போயிருந்தேன். டாங்கி ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அருளப்பா, உன் படை முன்னால போகத்தான் லாயக்கு. திரும்பினா மானம் போகுது!"

சிரித்தது கர்னல் மட்டும்தான். மேஜர் முகம் கறுத்துவிட்டது. சாந்தாமேரி காபித் தட்டோடு நின்றவள் அப்படியே நின்றாள். அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. போர்டு சுவரில் ஆணியடித்து நிற்பது, டாங்கி திரும்புவது. திரும்புகிற பொருளுக்கு ஒரு பக்க நிழல் ஆகாது.

கர்னல் போனதும் மேஜர், "எல்லாத்தையும் டர்பன்டைன்ல ஊறப் போடும்மா. முதல்லேர்ந்து பண்ணிடலாம். கையெழுத்து எங்க போயிடப் போகுது?" என்றார்.

மறுநாள் தபாலாபீசுக்கு வந்தவள், "தப்பு என்னுதுதாணா. அப்பா பழக்கிவுட்ட கை. நான்தான் சரி பண்ணிக் குடுக்கணும்" என்றாள். எனக்கு ஆத்திரம். அந்த ஆள் தோற்றதற்கு இவள் என்ன செய்வாள்? ஆனால் அவள் அப்படித்தான். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்கிற ஜாதி.

சீக்கிரம் எங்கே முடிந்தது? அந்த யுத்தம் போனால் அடுத்தது பாலைவனத்தில். பச்சையெல்லாம் மணல் நிறமாக வேண்டும். அதற்கடுத்தது பனி பெய்கிற தேசத்தில். மணலெல்லாம் வெள்ளையாக வேண்டும். அவள் வருஷத்தைத் தேதியால் எண்ணுவதை விட்டுவிட்டாள். "அது மணல் வருஷம்ணா", "அது வெள்ள வருஷத்துல" என்பாள். பனியை அவள் கண்ணால் கண்டதில்லை. மார்கழி விடியலில் சாமைக் காட்டின்மேல் மூடியிருக்கும் மூடுபனியைப் பார்த்து, வெள்ளையில் ஒரு பொட்டு நீலம் சேர்த்தாள். மேஜர் ஒன்றைத் தபாலில் அனுப்ப, அது நிஜப்பனி மாதிரியே இருக்கிறது என்று கர்னல் எழுதினாராம்.

வருஷா வருஷம் தை மாதம் நான் புதுப் பாரம் வரவழைப்பேன். நிரப்பி, மேஜரிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். "வைங்க கோபால்சாமி" என்பார். இழுப்பறை திறக்கும், மூடும். உள்ளே பழைய பாரங்கள் பழுப்பேறிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மேஜர் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகும். அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. கண் வலிக்கிறது என்றதும் போளூருக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குப் பட்டுப் பாவாடை தாவணி, பிறகு பட்டுப்புடவை. ஆனால் அவள் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டில் அவரும், நடக்கமுடியாத மனைவியும், மேஜையும்தான். அந்தப் பயம் அவருக்கு இருந்தது. பயந்தவன் கையில் பூட்டைக் கொடுத்தால் சாவியை அவன் எங்கே வைப்பான்?

ஒருமுறை பொறுக்காமல் நானே கேட்டேன்.

"சார், பொண்ணுக்கு வயசு ஏறிக்கினே போவுதுங்க. ஒரு கையெழுத்துதானுங்களே?"

"நான் மாட்டேன்னு சொன்னேனா? இந்த யுத்தம் முடியட்டும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தேன். அன்று முழுக்க என் வாயிலிருந்து மேஜரைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. தபாலாபீசுக்கு வந்தவன், போனவன் எல்லோரிடமும் சொன்னேன். மேஜர்தான் அந்தப் பெண்ணைக் கட்டிப்போட்டிருக்கிறார் என்று மலை முழுக்கப் பரவியதற்கு முதல் காரணம் நான்தான்.

1980-இல் ஒருநாள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறிவிட்டாள். நான் தபால் பையை பஸ்ஸில் போட நின்றிருந்தேன்.

"போறேண்ணா. அண்ணன் வூட்டுல இருந்துக்கினு எதனா ஆஸ்பத்திரில ஆயாவாவது சேந்துக்கறேன்."

எனக்குச் சந்தோஷம். பஸ் வளைவில் மறைகிறவரை நின்றேன். ஐந்தாம் நாள் மாலை பஸ்ஸில் அதே பெட்டியோடு இறங்கினாள். அண்ணி மூன்றாவதுக்கு மாசமாக இருந்தாளாம், படுக்க இடமில்லை. இரண்டு ஆஸ்பத்திரியில் கேட்டாளாம். யார் நீ, உனக்கு யார் ஜவாப்தாரி, நன்னடத்தைக்கு ஒரு கடிதம் உண்டா என்றார்களாம். எங்கே போனாலும் அந்தக் கையெழுத்துதான் குறுக்கே நின்றது. மேஜர் வாசலில் நின்றிருந்தார். ஏன் போனாய் என்று கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அவள் அன்றைக்கு மட்டும்தான் அழுதாள் என்று வீட்டம்மா என் மனைவி அம்சவல்லியிடம் சொன்னார்களாம். மேஜர் இரண்டு அடி கொடுத்திருந்தால்கூட ஓடிப்போக ஒரு வைராக்கியம் வந்திருக்கும்.

அதன்பிறகு அவள் வாய் குறைந்துவிட்டது. நாற்காலியில் அவள் சாய்கிற இடத்தில் சுவர்ச் சுண்ணாம்பு தேய்ந்து செங்கல் தெரிந்தது. தூரத்துப் பொருள் எதுவும் அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வாசலில் வருவது நானா வேறு ஆளா என்று கிட்டே வந்தால்தான் தெரியும். கடுகளவு போல்ட்டை மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்ப்பாள். எனக்கு அந்த அறைக்குள் போகவே பிடிக்காமல் போயிற்று. டர்பன்டைன் வாடை மூக்கில் ஏறினால் நெஞ்சு அடைக்கும். அவள் அதை நாள் முழுக்கச் சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

1983 ஏப்ரலில் குன்னூரிலிருந்து தந்தி வந்தது. கர்னல் காலமானார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஜர் படித்தார். எழுந்து மேஜைக்குப் போய், பாதி ஆற்றைத் தாண்டி நிற்கிற தன் டாங்கிகளையும் எதிர்க்கரையில் நிற்கிற கர்னல் டாங்கிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கே பாவமாகிவிட்டது. எதிரி செத்துப்போனதற்கு இப்படி உடைந்துபோன ஆளை நான் பார்த்ததில்லை.

சாந்தாமேரி ஜன்னலோரம் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

மேஜர் இழுப்பறையைத் திறந்தார். அந்த வருஷத்துப் பாரத்தை எடுத்து, பச்சை மையைத் தேடி, நடுங்குகிற கையோடு மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் வைத்தார். பாரத்தை அவளிடம் நீட்டி, "லேட் பண்ணிட்டேம்மா" என்றார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு நேரே என்னோடு தபாலாபீசுக்கு நடந்து வந்தாள். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். தேதி ஏப்ரல் இருபது. அவளுக்கு முப்பது முடிய இன்னும் இருபத்தொன்பது நாள். "கரை சேர்ந்துட்டம்மா" என்றேன். அப்போதுதான் சிரித்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அவள் பல்லைப் பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து தினம் பதினோரு மணிக்குத் தபாலாபீசுக்கு வந்து நின்றாள். ஏப்ரல் போயிற்று. மே மாதம் பத்தொன்பதாம் தேதி அவள் பிறந்தநாள். பாரம் முன்னாலேயே சேர்ந்துவிட்டதே, பயமில்லை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். மே முப்பதாம் தேதி ஒரு தடித்த உறை வந்தது. அவள் பெயருக்கு. பிரித்துப் படியுங்கள் என்று என்னிடமே கொடுத்தாள். போர்டுக்காக இங்கிலீஷ் எழுத்தை முத்து முத்தாக வரைவாள். படித்துப் பொருள் சொல்ல மட்டும் என்னிடம் கொடுப்பாள். என்னிடம் அவ்வளவு நம்பிக்கை.

உள்ளே எங்கள் பாரமே திரும்பி வந்திருந்தது. மேலே ஒரு சீட்டு. சான்று அளித்தவர் பணியில் உள்ள அதிகாரி அல்ல, ஓய்வு பெற்றவர்; அவர் சான்று செல்லாது; பின்பக்கக் குறிப்பைப் பார்த்து, வயது வரம்புக்குள் இருந்தால் திருத்தி அனுப்பவும்.

நான் பாரத்தைத் திருப்பினேன். ஏழு வரி, சின்ன எழுத்து. எட்டு வருஷத்தில் முதல்தடவையாக அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன். ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் இலாகாவில் எந்தப் பாரமானாலும் முன்பக்கம் ஜனங்களுக்கு, பின்பக்கம் ஆபீசுக்கு. மணியார்டரானாலும் சரி, சேமிப்புக் கணக்கானாலும் சரி, பின்பக்கத்தில் வெளியாள் கைவைக்கக்கூடாது. இருபது வருஷப் பழக்கம். விவரம் பின்னால் என்று போட்டிருந்ததைப் படித்தும், அது ஆஸ்பத்திரி ஆபீசுக்கான விவரம் என்றே நினைத்துவிட்டேன்.

"இன்னா எழுதிகீதுணா? சத்தமா படிங்க."

படித்தேன். பணியில் உள்ள கெஜட்டட் அதிகாரி, அல்லது உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அல்லது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், அல்லது பங்குச் சாமியார். இவர்களில் யாராவது ஒருவர் போதும்.

சுகாதார நிலையம் என் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். டாக்டர் மாதம் ஒருமுறை மேஜர் வீட்டம்மாவைப் பார்க்க வருவார். அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பவள் சாந்தாமேரி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். அலையவைத்தவன் நான்.

அவள் என் கையிலிருந்த பாரத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இது இந்த வருஷம் புதுசா போட்டதாணா? இல்ல, மொதல்லருந்தே கீதா?"

புதுசு என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். பெட்டியில் முன்பு ஒரு வருஷம் கூடுதலாக வந்த வெற்றுப் பாரம் ஒன்று இருந்தது. எடுத்துத் திருப்பி அவள் முன்னால் வைத்தேன். அதே ஏழு வரி.

"மொதல்லருந்தே கீதும்மா."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். டாங்கியைப் பார்க்கிற மாதிரி. பார்த்து முடித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"இத்தினி வருஷமா அவர் மேல கோவமா இருந்தேண்ணா. காலைல எழுந்தா அந்தக் கோவத்துலதான் பிரஷ்ஷ எடுப்பேன். அது ஒண்ணுதான் என்னுதுன்னு வச்சினு இருந்தேன். இனிமே யார் மேல கோவப்படறது?"

என் மேல் கோபப்படு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேஜை மேல் இருந்த முத்திரைக் கட்டையை எடுத்து மையில் ஒற்றி, வெறும் தாளில் குத்திக்கொண்டிருந்தேன். தாள் முழுக்க அன்றைய தேதி. அவள் அதைப் பார்த்து விரலை மடக்கினாள்.

"பதினோரு நாளு" என்றாள். "முப்பது முடிஞ்சி பதினோரு நாளுதாணா."

இரண்டு பாரத்தையும் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "போய்ட்டு வர்றேண்ணா" என்று மேட்டைப் பார்த்து நடந்தாள். அது மேஜர் வீட்டுப் பாதை. வேறு எங்கே போவாள்?

ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கவில்லை, வயது தாண்டிவிட்டதாம் என்று மட்டும் மேஜரிடம் சொல்லியிருக்கிறாள். தான் தாமதம் செய்ததால்தான் என்று அந்தக் கிழவர் இன்றுவரை நம்புகிறார். அவளைக் கண்டால் தலை குனிகிறார். சண்டை ஆட ஆளில்லாமல் இரண்டு பக்கமும் அவரே ஆடுகிறார். அவள் தீட்டிக் கொடுக்கிறாள். மேஜர்தான் ஒரு பெண் வாழ்க்கையைப் பாழாக்கினார் என்று மலையில் எல்லோரும் பேசுகிறார்கள். என் தபாலாபீசில் நின்றே பேசுகிறார்கள். அம்சவல்லிகூட அப்படித்தான் பேசுகிறாள். நான் வாயைத் திறப்பதில்லை.

என்னைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு ஐந்து வருஷம் அவகாசம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலையும் பதினோரு மணிக்கு வந்தாள். "மேஜர் வூட்டுக்கு தபால் எதனா கீதாணா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சரிணா என்று சொல்லிவிட்டுப் போனாள்.